பழைய சரக்கு மோட்டாரின் மின்சார ஜன்னல்: புதிதாக மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கலப்பையின் கொழு தேய்ந்தால் குடியானவர் அதைக் கொல்லனிடம் கொண்டுபோய்க் காய்ச்சி அடித்துக் கொள்கிறார். கொழு தேய்ந்ததென்று கலப்பை முழுவதையும் எறிந்துவிட்டு வேறு வாங்குகிறவர் எந்தக் கிராமத்திலும் இல்லை. ஆனால் அதே குடியானவர் தம்முடைய பழைய பிக்கப் வண்டியின் ஜன்னல் கண்ணாடி ஒருநாள் பாதியில் நின்றுவிட்டால், தம் வழக்கமான புத்தியை மறந்துவிடுகிறார். ஒரு மரத்துண்டைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே செருகிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார். அல்லது பட்டறைக்காரர் சொன்னபடி மோட்டார், ரெகுலேட்டர், ஸ்விட்ச் யாவற்றையும் ஒரே செட்டாக மாற்றச் சொல்லி, கேட்ட தொகையைக் கொடுத்து வருகிறார். முன்னது அசட்டை, பின்னது பண விரயம். இரண்டிற்கும் நடுவே சிக்கனமும் பத்திரமும் உள்ள வழி ஒன்று உண்டு. அதைக் கைக்கொள்வோர் குறைவாயிருப்பது வருந்தத்தக்கது.

ஜன்னல் கண்ணாடிக்கும் விவசாயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ராசிபுரம் தாலூகாவின் நிலைமையை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். 1997ஆம் வருஷம் ஜனவரி 1ந் தேதி நாமக்கல் தனி ஜில்லாவானபோது இத்தாலூகா சேலம் ஜில்லாவினின்றும் பிரிந்தது. ஆயினும் இதன் விளைபொருள்கள் இன்றும் இருபுறமும் போய்க்கொண்டிருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கும், மஞ்சள் நாமகிரிப்பேட்டை ஏலத்திற்கும், காய்கறி சந்தைகளுக்கும் போகவேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் கட்டை வண்டியும் ஜோடி மாடும் செய்த வேலையை இப்பொழுது சிறிய சரக்கு மோட்டார்களே செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கப்பட்டவை.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் அதன் உட்புறத்தில் கருநீலக் கோடுகள் ஓடிக் கெடத் தொடங்கும். ஆலைகளிலோ மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ பார்த்தே விலை கட்டுகிறார்கள். அத்தகைய சமயத்தில் வண்டி ஒரு நாள் முழுவதும் பட்டறையில் நின்றால் அந்த நஷ்டம் பட்டறைக்காரரின் ரசீதில் காணப்படாது. கிழங்கின் விலையிலே காணப்படும். மஞ்சள் மூட்டைகளுடன் ஏலத்திற்கு முந்தின இரவே போய்க் காத்திருக்கும் வண்டியின் கண்ணாடி ஏறாவிட்டால், கதவைப் பூட்டியும் பூட்டாததற்குச் சமானமே. புரட்டாசி, ஐப்பசி மழையில் திறந்த ஜன்னல் வழியே நீர் புகுந்தால் எடைச் சீட்டும் ஆர்.சி. புத்தகமும் நனைவது ஒருபுறமிருக்க, கதவிலுள்ள ஸ்விட்சுகளில் நீர் இறங்கி, ஒரு பழுது மூன்று பழுதாகிறது. ஆகையால் இது அலங்கார விஷயமன்று.

மின்சாரத்தால் ஏறி இறங்கும் ஜன்னல் பழைய சரக்கு வண்டிகள் எல்லாவற்றிலும் கிடையாது. டாட்டா கம்பெனியின் 207 முதலிய வண்டிகள் கையால் சுற்றும் பிடியுடனே வந்தன. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் 1940இலேயே சொகுசு வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜன்னலை வைத்தார்கள் என்றாலும், நம் நாட்டுச் சரக்கு வண்டிகளில் இவ்வசதி வெகு காலத்திற்குப் பின்னரே நுழைந்தது. ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாட்டா ஸீனான், பொலேரோ கேம்பரின் விலையுயர்ந்த வகைகள் ஆகியவற்றில் அது கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இவையன்றி, கைப்பிடி வண்டியில் வெளிக் கடையில் வாங்கிய செட்டைப் பொருத்திக்கொண்டவர்களும் பலர். இவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்லப்படும்.

இதன் அமைப்பு பம்பு செட்டு வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் எளிதில் விளங்கக்கூடியது. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் பியூஸைக் கடந்து, ஸ்விட்சை அடைந்து, கதவின் கீல் பக்கத்திலுள்ள ரப்பர்க் குழாயினுள் செல்லும் கம்பிகளின் வழியே கதவுக்குள் இருக்கும் சிறு மோட்டாரை அடைகிறது. மோட்டாரின் புழுப்பல் கியர் ரெகுலேட்டரை இயக்க, ரெகுலேட்டர் கண்ணாடியைத் தூக்குகிறது. ரெகுலேட்டர் இருவகை: கத்தரிக்கோல்போல் மடங்கி விரியும் இரும்புக் கைகளாலானது ஒன்று, உருளைகளின்மேல் ஓடும் எஃகுக் கயிற்றாலானது மற்றொன்று. மோட்டாருக்கு வரும் இரு கம்பிகளில் மின்சாரம் ஒருவிதமாகப் பாய்ந்தால் கண்ணாடி ஏறும்; மாறிப் பாய்ந்தால் இறங்கும். இவ்வளவே விஷயம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிக்காமலே சங்கிலி முழுவதையும் மாற்றுவது வைத்தியமாகாது.

கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லாம்பு ஒன்றே போதும். முதற்கண், டிரைவர் பக்கத்திலுள்ள பூட்டு ஸ்விட்ச் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மற்ற ஜன்னல்களை இயங்காமல் நிறுத்தவே அது வைக்கப்பட்டது. கை தவறி அதை அமுக்கிவிட்டு, கண்ணாடி கெட்டுவிட்டதென்று பட்டறைக்கு ஓடுபவரும் உண்டு. அதை வெளியே எடுத்துவிட்டதற்கே கூலி வாங்கும் பட்டறையும் உண்டு!

அடுத்து, காதைத் தீட்டிக்கொண்டு ஸ்விட்சை அமுக்கவேண்டும். கதவுக்குள் மோட்டார் சுற்றும் சப்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், மின்சாரத்தில் குற்றமில்லை. ரெகுலேட்டரின் கயிறு அறுந்தோ, பிளாஸ்டிக் பிடி உடைந்தோ, கியரின் பல் தேய்ந்தோ இருக்கவேண்டும். சப்தமே இல்லையென்றால், விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை அமுக்கிப் பார்க்கலாம். விளக்கின் ஒளி சற்று மங்கினால் மின்சாரம் மோட்டாரை அடைகிறது, ஆனால் மோட்டாரோ கண்ணாடியோ எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒளி சிறிதும் மங்காவிட்டால் மின்சாரம் வழியில் நின்றுவிட்டது. அல்லது மோட்டாரின் உள்ளே கார்பன் தேய்ந்து தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அப்பொழுது பியூஸ், ஸ்விட்ச், கீல் பக்கத்துக் கம்பி என்ற வரிசையில் தேடவேண்டும். பல வண்டிகளில் இடப்பக்க ஜன்னலுக்குப் போகும் மின்சாரமும் டிரைவர் பக்கத்து ஸ்விட்சின் வழியாகவே போகிறது. ஆகையால் இடப்பக்கக் கண்ணாடி நின்றுவிட்டால் இடப்பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்ப்பது வீண் வேலையாக முடியலாம்.

இவற்றுள் மிகச் சாதாரணமாக நேர்வதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் கீல் பக்கத்துக் கம்பிதான். சரக்கு வண்டியின் கதவு சுமை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் திறந்து மூடப்படுவது. பத்து வருஷத்தில் அந்த ரப்பர்க் குழாயினுள் உள்ள கம்பி எத்தனை ஆயிரம் முறை மடங்கியிருக்கும்! மேலுறை அப்படியே இருக்க, உள்ளேயுள்ள செம்பு இழை மாத்திரம் அறுந்துவிடுகிறது. ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடினால், ஒரு நிலையில் கண்ணாடி அசையும், மறு நிலையில் நின்றுவிடும். இதுவே அடையாளம். இதற்கு வேண்டிய மருந்து ஓரிரண்டு அடி வளையும் கம்பியும், ஈயப் பற்றும், உறையும்தான். பழைய கம்பியின் கனத்திற்குக் குறையாத கம்பியைச் சேர்க்கவேண்டும். இணைப்பு மடங்கும் இடத்தில் வராதபடி தள்ளி வைக்கவேண்டும். முறுக்கி டேப் சுற்றிவிடுவது அடுத்த மழை வரைக்குமே நிற்கும். ஒரு அடி கம்பியில் தீரவேண்டிய இக்குற்றத்திற்காக நல்ல மோட்டாரையும் நல்ல ரெகுலேட்டரையும் கழற்றி எறிவது எவ்வளவு அநியாயம்!

கண்ணாடி நின்றுவிடாமல், மெள்ள மெள்ள முனகிக்கொண்டு ஏறுமானால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். இது பெரும்பாலும் மோட்டாரின் குற்றமன்று, புழுதியின் குற்றம். செம்மண் காட்டில் கிழங்கு ஏற்றும் வண்டியின் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு, கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளத்தில் எவ்வளவு மண் படிந்திருக்கும் என்பது தெரியும். மண்ணும் பனியும் சேர்ந்து அது சேறாகி உலர்ந்து உப்புத்தாள்போல் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. தடையின்றி ஓடும்போது சில ஆம்பியர் மின்சாரமே இழுக்கும் மோட்டார், கண்ணாடி சிக்கிக்கொண்டால் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மோட்டாரினுள் இருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்திவிடும். சற்று ஆறியதும் மறுபடி ஓடும். ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் பல இதுவே. ஈரத் துணியைப் பள்ளத்தில் விட்டு மண்ணைத் துடைத்தெடுத்து, காய்ந்தபின் சிலிக்கோன் தெளிப்பான் இடவேண்டும். மண்ணெண்ணெயோ, என்ஜின் ஆயிலோ, சமையலறைத் தேங்காய் எண்ணெயோ விடலாகாது. அவை ரப்பரை ஊதச் செய்வதோடு, அடுத்த புழுதியையும் தம்மிடம் இழுத்துக்கொள்ளும்.

நிற்க, கதவைக் கழற்றியே ஆகவேண்டிய பழுதுகளும் உண்டு. அவற்றில் வீட்டிலுள்ள இளைஞர்கள் துணிந்து கைவைப்பதற்கு முன் சில அபாயங்களை அறிந்திருப்பது அவசியம். ஜன்னல் கண்ணாடி முன்கண்ணாடியைப் போன்றதன்று. முன்கண்ணாடி இரு தகடுகளின் நடுவே படலம் வைத்து ஒட்டியது; அடிபட்டால் விரிசல் விடும். பக்கக் கண்ணாடியோ சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்துப் பதப்படுத்தியது. அதன் நடுவில் கையால் தட்டினாலும் தாங்கும். விளிம்பில் திருப்புளியின் முனை சற்றுப் பட்டாலோ கற்கண்டுபோல் முழுவதும் உதிர்ந்துவிடும். கண்ணாடியைத் தாங்கி நிற்பது மோட்டாரின் கியரே. ஆகையால் மோட்டாரைக் கழற்றுமுன், கண்ணாடியை மேலே ஏற்றிக் கதவுச் சட்டத்தோடு அகன்ற டேப்பினால் ஒட்டி நிறுத்தவேண்டும். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் பலமான சுருள் வில் ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். மோட்டாரைப் பிரித்த கணத்தில் அது விடுபட்டு இரும்புக் கை வீசி விரலை நசுக்கிவிடும். கையை ஆணியிட்டோ போல்ட் செருகியோ அசையாமல் நிறுத்திய பின்னரே மோட்டாரைப் பிரிக்கவேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலிலேயே கழற்றி வைப்பது யாவருக்கும் தெரிந்ததே.

கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு அட்டையை மாத்திரம் மாட்டிவிடும் வழக்கம் மிகக் கெட்டது. கண்ணாடியின் மேல் விழும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துவாரங்கள் வழியே வெளியேறும்படி கதவு செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் நீர் உள்ளே கசிந்து அட்டையை ஊறவைத்துத் தரையைத் துருப்பிடிக்கச் செய்யும். துவாரங்கள் மண்ணால் அடைபட்டால் கதவே தொட்டியாகிவிடும்; அதன் நடுவேதான் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது.

ரெகுலேட்டரின் எஃகுக் கயிறு இழை பிரிந்துவிட்டால், அதை முடிச்சுப் போட்டு ஓட்டிப் பார்ப்பது வீண். ரெகுலேட்டரை மாற்றுவதே தகும். ஆனால் ரெகுலேட்டரை மாற்றும்போது மோட்டாரையும் ஏன் மாற்றவேண்டும்? மோட்டாரைக் கழற்றி, பியூஸ் வைத்த கம்பியால் பேட்டரியோடு நேராகச் சேர்த்து, இரு பக்கமும் சுற்றுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. சுற்றினால் அதே மோட்டாரைப் புது ரெகுலேட்டரில் பொருத்திவிடலாம். சுற்றாவிட்டாலும், கார்பன் தேய்ந்ததா, உள்ளே அழுக்கு ஏறியதா என்று பார்த்துச் சரிசெய்யக்கூடிய கைத்தேர்ச்சி உள்ளவர்கள் இப்பகுதியில் இல்லாமலில்லை. லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. அவ்வளவு பெரிய யந்திரங்களைச் சமாளிக்கும் தொழிலாளர் நிறைந்த ஜில்லாவில், ஒரு சாண் மோட்டாரைத் திறந்து பார்க்க ஆளில்லையென்று சொல்வது நம்பத்தக்கதன்று. குறை ஆளில் இல்லை. திறந்து பாருங்கள் என்று கேட்பதில்தான் இருக்கிறது. பட்டறைக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்திற்குக் கூலி கொடுக்க வாடிக்கைக்காரர் சம்மதிப்பதில்லை. சாமான் மாற்றினால் மாத்திரம் பணம் கொடுக்கிறார். ஆகவே அவர் சாமானை மாற்றுகிறார். தேடிய கூலியை மனமுவந்து கொடுப்பதும், கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டால் இக்குறையில் பாதி தீர்ந்துவிடும்.

வெளிக்கடை செட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியது சற்றுக் கடுமையானது. அவற்றில் பலவற்றை, கைக்கு அகப்பட்ட கம்பியிலிருந்து, பியூஸ் இல்லாமல் மின்சாரம் எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். கண்ணாடி சிக்கி நிற்கும்போது கம்பி சூடேறும். அதைத் தடுக்க நடுவே ஒன்றுமில்லை. அத்தகைய வண்டியை வாங்கியவர், கண்ணாடி நன்றாக ஏறி இறங்கினாலும், பேட்டரியை ஒட்டித் தனிப் பியூஸ் ஒன்று போட்டுக்கொள்வது உடனே செய்யவேண்டிய காரியம். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதனிடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவர், வைக்கோல் போரில் நெருப்பு வைத்துக்கொண்டு காவல் இருப்பவருக்கு ஒப்பாவார்.

இவ்வளவுக்கும் மேலான விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளி விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போகாத வீடு இல்லை. பழைய வண்டிகளின் ஜன்னல் ஸ்விட்சுகளில் பல, ஒருபுறம் அமுக்கினால் ஏறும்படி அமைந்தவை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முழங்கால் அந்த ஸ்விட்சின்மேல் பட்டால் கண்ணாடி ஏறத் தொடங்கும். தடை தட்டினால் தானே இறங்கும் ஏற்பாடு பழைய வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் இவ்விதமாகக் குழந்தைகள் இறந்ததை முன்னிட்டு, 2005இல் இயற்றிய சட்டமொன்றினால், மேல்நோக்கி இழுத்தால் மாத்திரம் ஏறும் ஸ்விட்சுகளை வைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பழைய வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லாததால், டிரைவர் பக்கத்துப் பூட்டு ஸ்விட்ச் சரியாக வேலை செய்வது இன்றியமையாதது. கண்ணாடி ஏறினால் போதுமென்று, பூட்டு ஸ்விட்சைத் தவிர்த்து நேர்க் கம்பி கொடுத்துவிடும் பழுதுபார்ப்பை எவ்வளவு மலிவானாலும் ஒப்புக்கொள்ளலாகாது. சாவியை வண்டியிலேயே விட்டுக் குழந்தையை உள்ளே உட்காரவைத்துப் போவதும் அவ்வாறே.

பழுது பார்க்கும் உரிமை என்பது இப்போது உலகமெங்கும் பேசப்படும் விஷயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012இல் மோட்டார் வண்டிகளுக்காகவும், கொலராடோ மாகாணத்தில் 2023இல் விவசாய யந்திரங்களுக்காகவும் இதற்கென்று சட்டங்கள் ஏற்பட்டன. இந்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி நியமித்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் மோட்டார் வண்டிகளும் சேர்ந்திருக்கின்றன. அவ்வருஷம் டிசம்பர் 24ந் தேதி இதற்கென ஓர் இணையத் தளமும் திறக்கப்பட்டது. அது சட்டமாகாது, ஆயினும் எந்தக் கம்பெனியின் சாமான் எங்கே கிடைக்கும், எவ்வாறு பழுது பார்ப்பது என்ற விவரங்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்கு அது ஆரம்பம். இரும்பை விற்றவர் அதைச் செப்பனிடும் வழியையும் மறைக்காமல் சொல்லவேண்டுமென்று கேட்பதில் தவறென்ன இருக்கிறது?

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது கொஞ்சமன்று. 15 வருஷம் கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. குடியானவரின் வண்டிக்கோ அந்த முடிவு இல்லை. எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டி வருஷந்தோறும் எப்.சி. பெற்றால் ஓடலாம். ஆகவே கிராமத்தின் பழைய வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடத்தான் போகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையார் நடத்தும் யந்திரப் பராமரிப்புப் பயிற்சிகளில் டிராக்டரோடு சரக்கு மோட்டாரின் மின்சாரப் பகுதிக்கும் அரை நாள் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்வது நலம். டெஸ்ட் லாம்பைப் பிடிக்கவும் பியூஸின் அளவைப் படிக்கவும் கற்றுக்கொண்ட இரு இளைஞர் ஒரு கிராமத்திற்குப் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமென்று காத்திருப்பது அவசியமில்லை.

கடைசியாக, மின்சார ஜன்னலே வேண்டாமென்று கைப்பிடிக்குத் திரும்புவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஒரே மாதிரி வண்டியில் கைப்பிடி வகையும் மின்சார வகையும் கம்பெனியாரால் விற்கப்பட்டிருந்தால், கைப்பிடி ரெகுலேட்டர் அதே கதவில் பொருந்துவது சாத்தியமே. உடைத்து விற்கும் கடைகளில் அது மலிவாகவும் அகப்படும். இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்து வாங்கவேண்டும், உட்புற அட்டையில் பிடிக்கு ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இடப்பக்க ஜன்னல் அடிக்கடி உபயோகப்படாத வண்டிக்கு இது சிலாக்கியமான ஏற்பாடு. வலப்பக்கத்தில், டிரைவர் ஓட்டிக்கொண்டே கண்ணாடியைச் சுற்ற நேர்வதால், சேலம்–நாமக்கல் பெருவழியில் இரவில் போகும் வண்டிகளுக்கு மின்சார வகையைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதே மேல். அவ்வாறு வைத்துக்கொள்பவர், மாதம் ஒருமுறை கதவின் அடித் துவாரங்களை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, ரப்பர்ப் பள்ளத்தைத் துடைக்கும் வேலையை வண்டி கழுவும் நாளோடு சேர்த்துக்கொள்ளலாம்.